நிலம் விற்ற பணமும் முதுமைக் கால ஜீவனமும்

அரசாங்க ஊழியருக்கு உத்தியோகம் முடிந்தபின் ஓய்வூதிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. நிலத்தை நம்பி வாழும் விவசாயிக்கோ நிலமே வைப்பு நிதி, நிலமே ஓய்வூதியம். உடலில் வலு உள்ளவரை தானே உழுகிறார். வலு குறைந்தபின் குத்தகைக்கு விட்டு, வரும் நெல்லில் காலம் தள்ளுகிறார். இந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நம் கிராமங்களைக் காத்து வந்திருக்கிறது. ஆனால் அந்த நிலம் விற்கப்பட்டுப் பணமாக மாறிவிட்டால் என்ன செய்வது? நிலத்தைக் காக்கத் தெரிந்த கைகளுக்குப் பணத்தைக் காக்கும் பழக்கம் இருப்பதில்லை. இதற்கு உதவ நிதி ஆலோசகர்கள் என்ற ஒரு தொழில் வகுப்பார் இன்று இருக்கின்றனர். அவர்களை அணுகும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வேளச்சேரி கூறும் பாடம்

சென்னையின் தென்பகுதியில் உள்ள வேளச்சேரியை இன்று காண்பவர்கள் அது ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமம் என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். தண்டீஸ்வரர் கோயிலும், பெரிதும் சுருங்கிப்போன ஏரியுமே அந்தப் பழைய ஊருக்குச் சாட்சிகளாக நிற்கின்றன. 2000-ஆம் ஆண்டில் அருகிலுள்ள தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டு நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அப்பகுதி நீரில் மூழ்கியபோது, பழைய ஏரியும் வாய்க்காலும் இருந்த இடங்களைப் பலரும் நினைத்துப் பார்த்தனர்.

வேளச்சேரியில் நிகழ்ந்த மாற்றம் அத்துடன் நின்றுவிடவில்லை. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று அது தெற்கு நோக்கி நடந்து சென்றிருக்கிறது. கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, ஓசூர் ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள கிராமங்களும் இதே பாதையில் உள்ளன. ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் நாள் ஒன்று வருகிறது. அன்று ஒரு விவசாயக் குடும்பம் தன் வாழ்நாளில் கண்டிராத பெருந்தொகையை ஒரே தவணையில் பெறுகிறது. அத்தொகையை என்ன செய்வது என்ற கேள்விக்கு, கையெழுத்திடுவதற்கு முன்னரே விடை காண வேண்டும்.

பெருந்தொகை கரையும் விதம்

பெருந்தொகையைக் கண்டவுடன் 'இது நம் ஆயுளுக்குப் போதும்' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தைக் கணக்கிட்டுச் சோதிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 60 வயதான ஒருவர் கடனை அடைத்து, பிள்ளைகளுக்கும் கொடுத்தது போக, 50 இலட்சம் ரூபாயைத் தம் முதுமைக்கென்று வைத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். குடும்பச் செலவு மாதம் 30,000 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். பணத்திற்கு ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி கிடைக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. இந்தக் கணக்கின்படி 15-ஆம் ஆண்டு முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு வயது 75.

அதே மனிதர் மாதச் செலவை 20,000 ரூபாயில் தொடங்கினால் அதே தொகை சுமார் 23 ஆண்டுகளுக்கு வரும். செலவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததால் எட்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. சிக்கனத்தின் பலனை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

விலைவாசி ஏற்றத்தை நம்மில் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 72 என்ற எண்ணை ஏற்ற வீதத்தால் வகுத்தால், விலை இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தெரியும். 6 சதவீதமாயின் 12 ஆண்டுகள். இன்று 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்கு 12 ஆண்டுகளுக்குப்பின் 60,000 ரூபாய் தேவைப்படும். நிலம் இருந்த காலத்தில் நெல்லின் விலையும் கூடவே ஏறியதால் இந்தத் தேய்மானம் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. வங்கியில் உள்ள பணமோ தானாக ஏறுவதில்லை. ஆகவே, எவ்வளவு தொகையைப் பத்திரமான இடத்தில் வைப்பது, எவ்வளவு தொகையை வளரும் இடத்தில் வைப்பது, ஆண்டுதோறும் எவ்வளவு எடுத்துச் செலவிடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். நிதி ஆலோசகரின் வேலை இதுவே.

ஆலோசகர் வேறு, முகவர் வேறு

பணத்தைப் பற்றி நமக்கு யோசனை கூற வருவோர் பலர். அவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் வகையினர், முதலீட்டு ஆலோசகர்கள். இவர்கள் இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியத்தில், அதாவது செபியில், பதிவு பெற்றவர்கள். இவர்களுக்கென்று 2013-ஆம் ஆண்டில் தனி விதிகள் இயற்றப்பட்டன. இவர்களுடைய பதிவெண் 'ஐ.என்.ஏ.' என்ற எழுத்துக்களில் தொடங்கும். யோசனை கூறுவதற்கு நம்மிடமே கட்டணம் பெறுவார்கள். நம்மிடம் ஆலோசனைக் கட்டணம் பெற்றுக்கொண்டு, நாம் வாங்கும் திட்டத்திலிருந்தும் கழிவுத் தொகை பெறுவதற்கு இவர்களுக்கு அனுமதி இல்லை.

இரண்டாம் வகையினர், பரஸ்பர நிதித் திட்டங்களை விற்பனை செய்யும் விநியோகஸ்தர்கள். இவர்களுக்கு 'ஏ.ஆர்.என்.' என்ற பதிவெண் உண்டு. நாம் நேரடியாகக் கட்டணம் செலுத்துவதில்லை; நிதி நிறுவனம் இவர்களுக்குக் கழிவுத் தொகை தருகிறது. அத்தொகை நம் முதலீட்டிலிருந்தே ஆண்டுதோறும் கழிகிறது.

மூன்றாம் வகையினர், ஆயுள் காப்பீட்டு முகவர்களும், திட்டங்களை விற்கும் வங்கி அலுவலர்களும் ஆவர். காப்பீட்டில் முதலாண்டுத் தவணையிலிருந்தே கணிசமான பங்கு கழிவாகச் செல்வது வழக்கம்.

இரண்டாம், மூன்றாம் வகையினர் தவறானவர்கள் என்று நாம் கூறவில்லை. அவர்களுடைய தொழிலும் சட்டத்திற்கு உட்பட்டதே. அவர்களுள் நேர்மையாளர் பலர். ஆயினும் உரக்கடைக்காரரிடம் சென்று 'என் நிலத்திற்கு உரம் வேண்டுமா?' என்று கேட்பதற்கும், மண் பரிசோதனை நிலையத்தில் கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை விவசாயிகள் அறிவார்கள். விற்பவரிடம் யோசனை கேட்கும்போது, அவர் விற்பவர் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

கட்டணம் பற்றிய கணக்கு

'யோசனைக்குப் பணம் கொடுப்பதா?' என்று சிலர் தயங்குகின்றனர். இலவசமாகக் கிடைக்கும் யோசனையின் விலையையும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 10 இலட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 67 இலட்சமாகும். கழிவின் காரணமாக வளர்ச்சி 9 சதவீதமாகக் குறைந்தால் சுமார் 56 இலட்சமே ஆகும். ஒரே ஒரு சதவீதம் 11 இலட்சத்தை விழுங்கிவிடுகிறது. பரஸ்பர நிதிகளில் கழிவுத் தொகை இல்லாத 'நேரடித் திட்டம்' 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வழங்கப்பட்டு வருகிறது. கட்டணம் பெறும் ஆலோசகர் இத்தகைய திட்டத்தையே காட்டுவார்.

மறுபுறத்தில், ஆலோசகரின் கட்டணமும் அளவுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். இதற்குச் செபி உச்ச வரம்பு விதித்துள்ளது. நிலையான கட்டணமாயின் ஒரு குடும்பத்திற்கு ஓராண்டிற்கு 1,51,000 ரூபாய். சொத்தின் மதிப்பில் பங்காகப் பெறுவதாயின் ஆண்டுக்கு 2.5 சதவீதம். இவை உச்ச வரம்புகளே அன்றி, கொடுத்தே தீர வேண்டிய தொகைகள் அல்ல. 50 இலட்சத்தில் 2.5 சதவீதம் என்றால் 1,25,000 ரூபாய். முன்பு நாம் கண்ட குடும்பத்தின் ஓராண்டுச் செலவில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே ஒரு தடவை திட்டம் வகுத்துத் தருவதற்கென்று நிலையான கட்டணம் பேசி, பின்னர் ஆண்டுக்கொருமுறை சரிபார்த்துக்கொள்வது விவசாயக் குடும்பத்திற்குப் பெரும்பாலும் ஏற்றதாகும்.

ஆலோசகரிடம் செல்லுமுன்

வைத்தியரிடம் நோயை மறைத்தால் மருந்து பலிக்காது. அதுபோல, குடும்பத்தின் நிலைமையை முழுமையாகக் கூறினாலன்றி ஆலோசகரால் பயன் விளையாது. பட்டா, சிட்டா, கூட்டுறவுச் சங்கக் கடன், கிசான் கடன் அட்டையில் உள்ள பாக்கி, நகைக் கடன், கைமாற்றாக வாங்கியது, கொடுத்தது, சீட்டுத் தவணை, காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்ல வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீடு பழுதுபார்த்தல், வைத்தியச் செலவு ஆகியவை எந்தெந்த ஆண்டில் வரக்கூடும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பெண்களும் உடன் செல்வது மிகவும் அவசியம். கணவருக்குப்பின் பல ஆண்டுகள் அந்தப் பணத்தைக் கொண்டு வாழப்போகிறவர் பெரும்பாலும் மனைவியே. பணம் எங்கே உள்ளது, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் உள்ளது என்பது அவருக்குத் தெரியாவிட்டால் திட்டம் முழுவதும் பாழாகும். மேலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண் மக்களுக்குச் சம உரிமை அளிக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டிலும், நாடு முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டிலும் வந்தது. மகள்களை விட்டுவிட்டுச் செய்யும் பங்கீடு பின்னர் வழக்காக முளைக்கும்.

ஆலோசகரிடம் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்கத் தயங்கக்கூடாது:

1. தங்கள் பதிவெண் என்ன? (இதைச் செபியின் இணையதளத்தில் உள்ள பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.)

2. தங்களுக்கு வருமானம் யாரிடமிருந்து வருகிறது? எங்களிடமிருந்து மட்டுமா, அல்லது விற்கும் நிறுவனத்திடமிருந்துமா?

3. கட்டணம் எவ்வளவு? அதை எழுத்து மூலம் ஒப்பந்தமாகத் தருவீர்களா?

4. நட்டம் வந்தால் எவ்வளவு வரக்கூடும்? அவசரத்திற்குப் பணத்தை எத்தனை நாளில் எடுக்கலாம்?

முறையான ஆலோசகர், நம்மால் எவ்வளவு நட்டத்தைத் தாங்க இயலும் என்பதை முதலில் அளந்தறிவார். ஒப்பந்தம் எழுதித் தருவார். கட்டணத்தை ரொக்கமாகப் பெறாமல், காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலமே பெறுவார். அவர் யோசனை கூறுபவரே தவிர, நம் பணத்தைக் கையில் வாங்குபவர் அல்லர். பணம் நம் வங்கிக் கணக்கிலிருந்து நேரே திட்டத்திற்குச் செல்ல வேண்டும். 'என்னிடம் கொடுங்கள், நான் போட்டு விடுகிறேன்' என்று ஒருவர் கூறினால் அவ்விடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். 'நிச்சயம் இவ்வளவு கிடைக்கும்' என்று உறுதி கூறுவதும் பதிவு பெற்ற ஆலோசகருக்குத் தடை செய்யப்பட்டதே. பதிவு பெற்றவர் தவறிழைத்தால் செபியின் 'ஸ்கோர்ஸ்' என்ற புகார் ஏற்பாட்டின் மூலம் முறையிடலாம்.

நிலம் விற்பதற்கு முன் வரிக் கணக்கு

விவசாய நிலத்தை விற்றால் வரி இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது முழு உண்மையன்று. கிராமப்புற விவசாய நிலத்திற்கே அந்தச் சலுகை. 10 இலட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் விற்ற இலாபத்திற்கு வரி உண்டு. சிறிய நகரங்களுக்கு இந்தத் தூரம் 6 அல்லது 2 கிலோமீட்டர். சென்னையை ஒட்டிய ஊர்களில் நிலம் விற்போர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வரியைக் குறைக்கச் சட்டமே வழி வகுத்துள்ளது. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் தாமோ பெற்றோரோ பயிரிட்ட நிலமாயின், விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு விலக்குப் பெறலாம். அல்லது ஆறு மாதங்களுக்குள், குறிப்பிட்ட அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 50 இலட்சம் ரூபாய் வரை ஐந்து ஆண்டுகளுக்கு முதலீடு செய்யலாம். கெடு தவறினால் சலுகையும் தவறும். எனவே, தணிக்கையாளரைக் கிரயப் பத்திரம் எழுதுவதற்கு முன் காண வேண்டும். வருமான வரி அலுவலகத்தின் கடிதம் வந்தபின் கண்டு பயனில்லை.

பேராசையைத் தூண்டும் திட்டங்கள்

நிலம் விற்ற செய்தி ஊரில் பரவியதும் பணம் திரட்டுவோர் வந்து சேர்கின்றனர். இது புதிய கதையன்று. 1906-ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, பெரிய பெயரை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்திருந்த எண்ணற்ற குடும்பங்கள் கலங்கின. அந்த அனுபவத்தின் விளைவாகவே 1907-ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றியது. 2012-ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்களில் பணம் கட்டிய விவசாயிகள் பெருநட்டம் அடைந்தனர். 2022-ஆம் ஆண்டில் சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின்மீது, மாதத்திற்கு 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகக் கூறிப் பணம் திரட்டியதாக வழக்குத் தொடரப்பட்டது. சுமார் ஒரு இலட்சம் பேர் அதில் பணம் போட்டிருந்தனர்.

மாதம் 25 சதவீதம் என்றால் நான்கு மாதத்தில் போட்ட முதல் முழுவதும் வட்டியாகவே திரும்ப வேண்டும். எந்தப் பயிர் இவ்வாறு விளைகிறது? எந்த வியாபாரம் இவ்வாறு ஈட்டுகிறது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே பல குடும்பங்கள் காப்பாற்றப்படும். முதலில் சில மாதங்கள் வட்டி ஒழுங்காக வருவது நாணயத்திற்கு அத்தாட்சியன்று. பின்னால் வருவோரின் பணமே முன்னால் வந்தோருக்கு வட்டியாகச் செல்கிறது. ஏமாந்தோரைக் காக்க நம் மாநிலத்தில் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆயினும் சட்டத்தின் மூலம் பணம் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

வங்கி வைப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அறிதல் நலம். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உள்ளது. பெருந்தொகையை ஒரே வங்கியில் குவிக்காமல் பிரித்து வைப்பது விவேகம்.

சிறு விவசாயிகளுக்குள்ள ஏற்பாடுகள்

நிலம் விற்காதவர்களும், விற்கப் பெரு நிலம் இல்லாதவர்களும் முதுமையைப் பற்றிச் சிந்திக்க வேண்டியவர்களே. இவர்களுக்கு ஆலோசகரின் துணை இல்லாமலே சேரக்கூடிய திட்டங்கள் உள்ளன. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டத்தில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ள, 18 முதல் 40 வயது வரையுள்ள விவசாயிகள் சேரலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்தினால் மத்திய அரசும் அதே தொகையைச் செலுத்தும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். 2015-ஆம் ஆண்டின் அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை மாத ஓய்வூதியம் பெற வழி உண்டு. 60 வயது கடந்தவர்கள் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 இலட்சம் ரூபாய் வரை வைத்து, மூன்று மாதத்திற்கொருமுறை வட்டி பெறலாம்.

முதல் இரண்டு திட்டங்களிலும் 40 வயதுக்குமேல் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பருவம் தவறிய விதைப்பு விளையாது. முதுமைக்கான விதைப்பு இளமையிலேயே நடைபெற வேண்டும். 3,000 ரூபாயின் வாங்கும் சக்தியும் ஆண்டுதோறும் குறையும் என்பதால், இவற்றை ஆதாரமாகக் கொண்டு வேறு சேமிப்பையும் சேர்த்துக்கொள்வது சிறந்தது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

பதிவு பெற்ற ஆலோசகர்களின் தொகை குறைவு. அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில் உள்ளனர். எனவே கிராமத்திற்கும் அவர்களுக்கும் இடையே பாலமாகப் பஞ்சாயத்து விளங்கலாம். மாவட்டத்தின் முன்னோடி வங்கியுடன் தொடர்புகொண்டு, நிதி எழுத்தறிவு மையத்தாரைக் கிராம சபைக் கூட்டத்திற்கு அழைக்கலாம். இதற்குச் செலவு இல்லை. செபியின் பட்டியலைப் பார்க்கும் முறையைப் படித்த இளைஞர்கள் மூலம் பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுக்கலாம். நிலம் விற்கும் குடும்பங்களிடம், பணத்தை வங்கியில் போட்டு மூன்று மாதம் வரை பெரிய முடிவு எதுவும் செய்யாதிருக்குமாறு எடுத்துக் கூறலாம்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. பணம் திரட்டும் எந்த ஸ்தாபனத்திற்கும் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம் நடத்த இடம் தரக்கூடாது; அங்கத்தினர் எவரும் அத்தகைய கூட்டத்தின் மேடையில் அமரக்கூடாது. 'தலைவரே வந்திருந்தார்' என்ற ஒரு சொல்லை நம்பி, ஒரு கிழவியின் கடைசிச் சேமிப்பும் போய்விடக்கூடும். அந்தப் பழியை எந்தத் தீர்மானத்தாலும் துடைக்க இயலாது.

ஏரியின் கரை உடையாமல் காப்பது ஊரின் கடமை என்று நம் முன்னோர் கருதினர். நிலம் பணமாக மாறும் இக்காலத்தில், உழைத்து ஓய்ந்த முதியோரின் சேமிப்பும் ஊர் காக்க வேண்டிய ஓர் ஏரியே ஆகும். வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பொருளை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.